தாடைக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்

மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பியின் ஒரே மகள், அதாவது நேற்று மாலை போனில் தங்களால் "அந்தக் கழுதை" என்று அன்போடு குறிப்பிடப்பட்டவள், பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கு தாங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் இரத்த அழுத்தமும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை சுகமாக இருக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தொடரவும்.

நாலு தெரு தள்ளி இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று அம்மா கேட்டாள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள். போன் செய்தால் அதிலும் நீங்களே பேசுவீர்கள். நேற்று அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, நீங்களே நேரில் வந்து நிற்கிற மாதிரி அதன் எதிரே கைகட்டி நின்றார். நடுவில் நான் "பெரியப்பா, ஒரு நிமிஷம்" என்று சொன்னேன். அதை நீங்கள் லைனில் வந்த இரைச்சல் என்று நினைத்து, "சிக்னல் சரியில்லை போலிருக்கு, சத்தமா சொல்றேன் கேட்டுக்கோ" என்று முதலிலிருந்து மறுபடியும் திட்டினீர்கள். உங்களிடம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முற்றுப்புள்ளிவரை கொண்டுபோக எனக்குக் கடிதத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

நீங்கள் போட்ட உத்தரவுகள் எனக்குத் தெளிவாகவே கேட்டன; பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டன. துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மயக்கவியல் மேற்படிப்புக்குப் போட்ட விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பப் பெற வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து உங்கள் கிளினிக்கில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களின் இருமலுக்கும் சளிக்கும் மருந்து எழுதிக்கொண்டு ஆயுளைக் கழிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து என் பதில், முடியாது என்பதே. மரியாதையாகச் சொல்ல எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். முடியாது என்பதற்கு அதைவிட மரியாதையான வார்த்தை அகப்படவில்லை.

இதோடு கடிதத்தை மடித்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு வந்து சேர்ந்தது பாதிக் கதைதான். அதைச் சொன்னவர் நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்த உங்கள் பழைய மாணவர். மீதிக் கதையை அவர் விழுங்கிவிட்டார். அதில் அவரும் இருக்கிறார் என்பதால்.

முதலில் மதிப்பெண்ணைப் பேசித் தீர்த்துவிடுவோம். எனக்கு மார்க் குறைவு. மருந்தியலில் ஒரு தடவை கோட்டை விட்டேன். உடற்கூறியலில் தேறியது இன்றுவரை எனக்கே ஆச்சரியம். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் நான் வாங்கிய ரேங்கை ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட நம்பர்டி? ரெண்டு தடவை அடிச்சுட்டேன், போகவே மாட்டேங்குது" என்றாள். இதற்கு மேல் அந்த ரேங்கைப் பற்றி நீங்கள் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. பெற்ற தாயே சொல்லியாகிவிட்டது.

அதன் பிறகு நம் குடும்பம் கூடியது நினைவிருக்கிறதா? உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் நம் வீட்டில் ஓர் ஆள் உண்டு. வயிற்றுக்கு நீங்கள், கண்ணுக்கு உங்கள் மகள், எலும்புக்கு உங்கள் மாப்பிள்ளை. ஒவ்வொருவரும் என்னை அடுத்தவரின் துறைக்குத் தள்ளிவிடுவதிலேயே குறியாக இருந்தீர்கள். மாப்பிள்ளை, "எலும்புக்கு உடம்புல பலம் வேணும்மா, நீ கண்ணுக்குப் போயேன்" என்றார். அக்கா, "கண்ணுக்குக் கை நடுங்கக் கூடாதுடி, உனக்கு டீ டம்ளரைப் பிடிச்சாலே நடுங்குது" என்றாள். கடைசியில் நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னீர்கள். "தோல் எடு. தோல்ல யாரும் சாகறதில்லை. மார்க் கம்மியான பசங்களுக்குன்னே வெச்சிருக்கிற டிபார்ட்மென்ட் அது." உங்கள் காலத்தில் அப்படி இருந்திருக்கலாம். இன்று தோலுக்குள் நுழையத் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கத்தில் யாரும் எழுப்ப மாட்டார்கள், விடுமுறையில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று முதல் மாணவர்கள் எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள். அக்கா இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். "சொறி சிரங்குக்கா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் காப்பியைக் குடித்தீர்கள்.

நான் மயக்கவியல் என்று வாயைத் திறந்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. "திரைக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ற வேலை" என்றீர்கள். ஆமாம் பெரியப்பா, அதேதான். அந்த ஸ்டூலில் இரண்டு வருடம் பணி மருத்துவராக உட்கார்ந்திருக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கி அதே ஸ்டூலில் உரிமையோடு உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதைவிடச் சின்ன ஆசை நம் வீட்டில் யாருக்காவது இருந்திருக்கிறதா?

உங்களுக்குத் தெரிய நியாயமில்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் கை கழுவி, கையுறை மாட்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் வரும்போது நோயாளி தூங்கியிருப்பார். அவர் தூங்குவதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். மேசையில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அப்படி ஓர் ஆகிருதி. அவர் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, முழிச்சிருவேன்ல?" என்று கேட்டார். "முழிக்கிற வரைக்கும் நான் எங்கேயும் போக மாட்டேண்ணே" என்றேன். போகவில்லை. வெட்டியவர் வெட்டி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார், தைத்தவர் தைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நான் டிரைவர் தலைமாட்டிலேயே இருந்தேன். கண் விழித்ததும் அவர் கேட்டது, "என்னம்மா, ஆரம்பிச்சாச்சா?" முடிந்தே போய்விட்டது என்றேன். அவர் சிரித்த சிரிப்பு எந்த மார்க்ஷீட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு எதுவும் இந்த அளவுக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

இனி தாடை விஷயம். மயங்கியவருக்குத் தாடை தொய்ந்து நாக்கு தொண்டையில் சரியும், மூச்சு அடைக்கும். தாடையைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கினால் வழி திறந்து காற்று உள்ளே போகும். மயக்க மருத்துவர்களுக்கு இது அரிச்சுவடி. இரண்டு வருடம் இதையே செய்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யாராவது குறட்டை விட்டு, அது பாதியில் அடைத்து நின்றால், மூளைக்குத் தகவல் போகும் முன்பே என் கை போய்விடுகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் தூங்கினால் நான் பேப்பர் படித்துக்கொண்டே அவர் தாடையைத் தூக்கிப் பிடித்திருப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவுக்கும் இதைச் செய்துவிட்டேன். அவர் விழித்துப் பார்த்துவிட்டு முதலில் தன் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

இந்தப் பழக்கத்தோடும், அக்காவிடம் இரவல் வாங்கிய கோட்டோடும்தான் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அக்காவின் தோள் அகலம் எனக்குக் கிடையாது. கோட்டுக்குள் நான் திரும்பினால் கோட்டு திரும்பாது. காத்திருந்த அறையில் எனக்கு முன்னால் ஒரு தங்கப் பதக்கக்காரர் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு எத்தனை பேப்பர்?" என்று கேட்டார், ஆராய்ச்சிக் கட்டுரையைத்தான். "ஒண்ணுதான் வாங்கறோம், அதையும் அப்பாதான் படிக்கிறார்" என்றேன். அவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் உள்ளே போவதற்குள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அதுதான் வினை.

அறையில் நீள மேசை. ஜன்னல் சாத்தி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் துறைத்தலைவர். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட மேடம். மறு பக்கம் உங்கள் மாணவர். அவருக்கு நான் மார்க் சார் என்று பெயர் வைத்திருக்கிறேன், காரணம் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவர் என் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பாடத்தையும் மார்க்கையும் விபத்துச் செய்தி வாசிப்பது போலக் குரலைத் தாழ்த்தி வாசித்தார். மருந்தியல் வந்தபோது கொஞ்சம் நிறுத்தி மௌன அஞ்சலி வேறு செலுத்தினார். அதற்குள் துறைத்தலைவரின் தலை மெல்ல மார்பில் சாய்ந்துவிட்டது. என் மார்க்கைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் அவர் தூங்கியதில் எனக்கு வருத்தமில்லை. நானே அதைப் படித்தால் தூங்கிவிடுவேன்.

குறட்டை வந்தது. நல்ல குறட்டை. மற்ற இருவரும் கேட்டும் கேட்காதவர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு அது பழகிய விஷயம் என்று முகத்திலேயே தெரிந்தது. "இவ்வளவு குறைஞ்ச மார்க்கோட இந்தத் துறையை ஏன் கேக்கறீங்க?" என்றார் மார்க் சார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அப்போது குறட்டை நின்றது. நெஞ்சு ஏறுகிறது, காற்று வரவில்லை. நான் பேச்சை நிறுத்தவில்லை பெரியப்பா, அதை மட்டும் கவனியுங்கள். பேசிக்கொண்டே எழுந்தேன், பேசிக்கொண்டே மேசையைச் சுற்றிப் போனேன், பேசிக்கொண்டே அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று தாடையைத் தூக்கினேன். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன், யாருடைய தாடையைப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

"என்னம்மா பண்றீங்க? போய் உட்காருங்க" என்று மார்க் சார் சீறினார். சத்தமாகச் சீறினால் தலைவர் விழித்துவிடுவாரே என்று, கிசுகிசுப்பாகச் சீறினார்.

"விட்டா மறுபடி அடைக்கும் சார்" என்று நானும் கிசுகிசுத்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் பிடிச்சிருக்கா. இருக்கட்டும் விடுங்க, எழுப்பினா நம்மளத்தான் கடிப்பாரு" என்றார். ஆக, அதன் பிறகு என் நேர்முகத் தேர்வு முழுவதும் கிசுகிசுப்பிலேயே நடந்தது. அவர்கள் கிசுகிசுவென்று கேட்டார்கள், நான் தலைவரின் தலைக்கு மேலிருந்து கிசுகிசுவென்று பதில் சொன்னேன். இரண்டு கேள்விக்குச் சரியான பதில். ஒன்றுக்குத் தெரியாது என்றேன். உதவியாளர் டீ கொண்டுவந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துவிட்டு, என் பக்கமும் ஒரு டீயை வைத்தார். என்னை ஏதோ புது இயந்திரம் என்று நினைக்காததற்கு அவருக்கு நன்றி.

கடைசியில் மார்க் சார் மதிப்பெண் பட்டியலை மேசைமேல் போட்டு, அதை விரலால் தட்டிக் கேட்டார். "இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு ஒரு உயிரை உங்க கையில எப்படிம்மா ஒப்படைக்கிறது?"

"ஒப்படைச்சுட்டுத்தானே சார் பேசிட்டிருக்கீங்க?" என்றேன்.

உங்களுக்கு அவர் சொல்லாமல் விழுங்கியது இதைத்தான். மேடத்துக்கு டீ புரையேறிவிட்டது. அந்தச் சத்தத்தில் தலைவர் விழித்தார். அண்ணாந்து என்னைத் தலைகீழாகப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"கேண்டிடேட் சார்."

"என்ன பண்றே?"

"தாடையைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன் சார்."

"எவ்வளவு நேரமா?"

"நாலு கேள்வியா சார்."

அவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. நான் வெளியே வந்து, படிக்கட்டில் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அக்காவின் கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன்.

இதுதான் நடந்தது. இதைத்தான் நீங்கள், "துறைத்தலைவரோட கழுத்தைப் பிடிச்சியாமே! நம்ம வம்சத்துலயே எவனும் பண்ணாத காரியம்!" என்று போனில் முழங்கினீர்கள். கழுத்து அல்ல பெரியப்பா, தாடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடற்கூறியலில் தட்டுத் தடுமாறித் தேறிய எனக்கே தெரிகிறது.

மன்னிப்பு எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு மனிதருக்கு மூச்சு அடைத்தது, திறந்துவிட்டேன். அவர் தலைவராக இருந்ததும், நான் குறைந்த மார்க்காக இருந்ததும் அவருடைய நாக்குக்குத் தெரியாது. அந்த அறையில் என்னைவிட எவ்வளவோ படித்த பேராசிரியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் மரியாதை கருதிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கே அவர் மறுபடியும் என் எதிரில் தூங்கினால் மறுபடியும் தூக்குவேன். நீங்கள் வேண்டுமானால் அவருக்குப் போன் செய்து என்னைச் சேர்க்காதே என்று சொல்லுங்கள். உங்கள் செல்வாக்கு எனக்குத் தெரியும். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் எழுதுவேன். அதற்கும் அடுத்த வருடம் எழுதுவேன். ரேங்கில் இன்னும் ஓர் இலக்கம் கூடினாலும் எழுதுவேன், அம்மா அதையும் டயல் செய்து பார்க்கட்டும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிற கை என்னிடம் இல்லை. உங்கள் கிளினிக் நாற்காலி நல்ல சுழல் நாற்காலிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஸ்டூல்தான் வேண்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மார்க்கைப் பற்றிச் சொன்னதற்கு அல்ல, அது உண்மை. அப்பாவிடம், "உன் பொண்ணு கையில யார் உயிரையும் கொடுக்க முடியாதுடா" என்று சொன்னீர்களே, அதற்குத்தான். அப்பா போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வழக்கமாக அவர் ஊற்றுவதில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. ஆகவே இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரை நானாக உங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்பதையும், நீங்களும் என்னைப் பற்றி எந்தக் கவலையும் பட வேண்டாம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் அன்பு. தங்களை மனதளவில் விழுந்து வணங்குகிறேன். நேரில் விழுந்தால் எழுவதற்குள் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கட்டளைக்கு இம்முறை மட்டும் கீழ்ப்படியாத,
தம்பி மகள்.

பின்குறிப்பு: இந்தப் பகுதியில் மட்டும் எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது நீங்களே வந்து கதவைத் தட்டிவிட்டீர்கள். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே, "சீட்டு கிடைச்சிருச்சு" என்றீர்கள். அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "ரொம்பத் துள்ளாதே. அந்தத் தங்கப் பதக்கப் பையனுக்கு வேற இடத்துல தோல் கிடைச்சிருச்சு, ஓடிட்டான். அவன் விட்டுட்டுப் போன இடம் இது. உன் கழுத்துப்பிடி வித்தையைப் பார்த்து ஒருத்தனும் கொடுக்கலை" என்றீர்கள். ஆக, மேலே நான் காட்டிய வீரம் எல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. நீங்கள் தடுக்கவும் இல்லை. நான் ஜெயிக்கவும் இல்லை. தோல்தான் எனக்கு வழி விட்டிருக்கிறது. "சொறி சிரங்குக்கா ஓடறான்?" என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டீர்கள். பிறகு, "இரு, உன்னை இன்னும் திட்டி முடிக்கலை" என்று சொல்லிச் சோபாவில் சாய்ந்தீர்கள். முதல் வார்த்தை "கழுதை" என்று வந்தது. இரண்டாவது வார்த்தை பாதியில் நின்றது, குறட்டை வந்தது, அதுவும் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். உங்களைத் தொட இந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? என் வலது கை இப்போது உங்கள் தாடையில் இருக்கிறது. மரத்துப்போய்விட்டது, ஆனாலும் எடுக்கவில்லை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துவிடுகிறேன். மூச்சு நன்றாக வருகிறது பெரியப்பா. எழுந்ததும் மீதியைத் திட்டுங்கள்.